கட்டி முடியாத மாடி வீட்டை வாங்குவது: முதலீடா, கடன் கொடுப்பா?

வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒழுங்கைகளில் பழைய தனி வீடுகள் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. பத்துப் பன்னிரண்டு பேர்ச்சஸ் காணியில் நின்ற வீடு இடிக்கப்படுகிறது, தகர வேலி போடப்படுகிறது, வேலியில் ஒரு வண்ணப்படம் தொங்கவிடப்படுகிறது. படத்தில் எட்டு மாடிக் கட்டடம், மொட்டை மாடியில் நீச்சல் தடாகம், கீழே ஒரு தொலைபேசி இலக்கம். அத்திவாரம் தோண்ட முன்னரே பாதி வீடுகள் விற்றுப்போய்விட்டன என்று விற்பனையாளர் சொல்வார். சில இடங்களில் அது உண்மையும்கூட.

கொழும்பில் ஒரு மாடி வீடு என்பது எங்கள் சமூகத்தில் பல வேலைகளைச் செய்கிறது. மகளின் சீதனம், பிள்ளைகளின் படிப்பு, வைத்தியசாலைக்கு வரும் பெற்றோர் தங்க ஓர் இடம், வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு ஒரு வீடு. அண்மைக் காலத்தில் இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: முதலீடு. வரைபடத்தில் இருக்கும்போதே குறைந்த விலைக்கு வாங்கி, கட்டி முடிந்ததும் வாடகைக்கு விடலாம், அல்லது இலாபத்துக்கு விற்கலாம் என்பது கணக்கு.

லண்டனில் வசிக்கும் என் பெரியம்மாவின் மகன், வேலையிலிருந்து நின்றபோது கிடைத்த தொகையை இப்படியொரு வீட்டில் போடலாமா என்று என்னிடம் கேட்டார். அவருடைய வயதில் அந்தத் தொகை இன்னொருமுறை வராது. அவருக்காக மூன்று விற்பனை அலுவலகங்களுக்குப் போனேன். ஒரு சட்டத்தரணியோடு உட்கார்ந்து ஒப்பந்தங்களை வாசித்தேன். காணிப் பதிவகத்தில் ஏடுகளைப் பார்த்தேன். அந்த வேலையில் கற்றுக்கொண்டவற்றை, இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்காக இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கட்டி முடியாத வீட்டுக்குப் பணம் கட்டும்போது நீங்கள் வீடு வாங்கவில்லை. கட்டுநருக்குக் கடன் கொடுக்கிறீர்கள். அந்தக் கடனுக்கு ஈடு எதுவும் பெரும்பாலும் கிடையாது. வட்டிக்குப் பதிலாக ஒரு விலைக் கழிவும், அசலுக்குப் பதிலாக ஒரு வீடும் தருவதாக வாக்குறுதி மட்டும் கிடைக்கிறது. ஆகவே, ‘இந்த வீட்டின் விலை ஏறுமா?’ என்ற கேள்விக்கு முன்னால், ‘இந்தக் கொம்பனிக்கு இவ்வளவு பணத்தை மூன்று நான்கு வருடங்களுக்குக் கடன் கொடுப்பேனா?’ என்ற கேள்வி வரவேண்டும்.

உங்கள் கையில் இருப்பது என்ன?

இலங்கையில் மாடி வீட்டு உரிமையை ஆள்வது 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடி வீட்டு உரிமைச் சட்டம். 1982இலும் 2003இலும் அது முக்கியமாகத் திருத்தப்பட்டது. இந்தச் சட்டத்தின்படி ஒரு மாடி வீடு தனிச் சொத்தாவதற்கு, உரிமம் பெற்ற நில அளவையாளர் வரைந்த கூட்டாதன வரைபடம் காணிப் பதிவகத்தில் பதியப்பட வேண்டும். அப்போதுதான் உங்கள் வீடு, படிக்கட்டு, மின்தூக்கி, கூரை, காணி என்பவற்றில் உங்களுக்குள்ள பிரிக்கப்படாத பங்கு ஆகியவை சட்டத்தின் கண்ணுக்குத் தெரிகின்றன. 2003இன் திருத்தம், கட்டி முடியாத கட்டடங்களுக்குத் தற்காலிக வரைபடம் பதிவதற்கும் வழி வைத்திருக்கிறது. நடைமுறையில் பெரும்பாலான வாங்குநர்களுக்கு உறுதி கிடைப்பது கட்டடம் முடிந்த பிறகுதான்.

கட்டடம் முடிவது மட்டும் போதாது. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின்படியே கட்டப்பட்டிருக்கிறது என்பதற்கு இணக்கச் சான்றிதழ் வேண்டும். ஆறு மாடிக்கு அனுமதி எடுத்து ஏழாவதை ஏற்றியவர்கள், வாகனத் தரிப்பிடமாகக் காட்டிய இடத்தில் கடை போட்டவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மாட்டிக்கொள்வது கட்டுநர் என்றாலும் உறுதி இல்லாமல் நிற்பது வாங்கியவர். வெள்ளவத்தையில் நான் சந்தித்த ஒரு குடும்பம் ஆறு வருடங்களாகத் தங்கள் வீட்டில் வசிக்கிறது, மின்கட்டணம் கட்டுகிறது, பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறது. உறுதி மட்டும் இல்லை. மகனின் படிப்புச் செலவுக்கு வீட்டை ஈடுவைக்க வங்கிக்குப் போனபோதுதான் அந்தக் குறையின் பாரம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

உறுதி வரும்வரை உங்களிடம் இருப்பது ஓர் ஒப்பந்தம். அந்த ஒப்பந்தம் எப்படி எழுதப்பட்டது என்பதில் எல்லாமே தங்கியிருக்கிறது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. காணி, கட்டடம் போன்ற அசையாச் சொத்தை விற்பதும், விற்பதாக உடன்படுவதும் எழுத்தில், ஒரு நொத்தாரிசின் முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு கைச்சாத்திடப்பட வேண்டும் என்கிறது அது. கொம்பனியின் கடிதத் தலைப்பில் அச்சிட்ட ‘முற்பதிவுப் படிவம்’ இந்த நிபந்தனையை நிறைவேற்றாது. அதைக் காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். வீட்டைக் கேட்பது கடினம். நொத்தாரிசு முன்னிலையில் எழுதிய உடன்படிக்கையும் காணிப் பதிவகத்தில் பதியப்பட்டால்தான் பின்னர் அதே வீட்டுக்குப் பதியப்படும் வேறோர் ஆவணத்தை முந்தி நிற்கும்.

கட்டுநர் முறிந்துபோனால் என்ன நடக்கும்? கொம்பனி ஒன்று கலைக்கப்படும்போது, அதன் காணியை ஈடாகப் பிடித்திருக்கும் வங்கி தன் ஈட்டிலிருந்து பணத்தை எடுத்துக்கொள்ளும். பிறகு சட்டம் முன்னுரிமை கொடுத்த கடன்கள் வரும். ஈடு இல்லாத கடன்காரர்கள் அதற்கும் பின்னால் வரிசையில் நிற்பார்கள். முற்பணம் கட்டியவர் பெரும்பாலும் அந்த வரிசையில்தான் இருப்பார்.

இந்தியாவில் இதற்கு ஓரளவு தீர்வு கண்டிருக்கிறார்கள். அங்கு 2016இல் கொண்டுவந்த மனை வணிகச் சட்டத்தின்படி, வாங்குநர்களிடம் பெறும் பணத்தில் 70 வீதத்தைக் கட்டுநர் தனி வங்கிக் கணக்கில் வைத்து, அந்தக் கட்டடத்தின் நிர்மாணத்துக்கும் காணிச் செலவுக்கும் மட்டுமே எடுக்கலாம். இங்கே எல்லாக் கட்டுநர்களையும் அப்படிக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை இருக்கிறது. ஆனால், வெள்ளவத்தைக் கட்டடத்துக்கு நீங்கள் கட்டிய தவணை கொட்டாஞ்சேனைக் கட்டடத்தின் கொங்கிறீற்றுக்குப் போவதைத் தடுக்க உங்கள் ஒப்பந்தத்தைவிட வேறு காவல் இல்லை.

2022 காட்டியது

இந்த ஆபத்து எந்த நேரத்தில் வரும் என்பதை எங்களுக்கு 2022 காட்டியது. அவ்வருடம் மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்டபோது டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து இரண்டு மாதங்களுக்குள் 360 ரூபா அளவுக்கு ஏறியது. ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதத்தை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. ஆயிரம் ரூபாவை அண்டியிருந்த சீமெந்துப் பொதி 3,000 ரூபாவைத் தாண்டியது. மாபிள், குளியலறைச் சாமான் இறக்குமதிக்கு 2020 முதலே கட்டுப்பாடு இருந்தது.

டொலரில் விலை பேசி, கட்டும் நாளின் நாணய மாற்று வீதத்தில் ரூபாவாகச் செலுத்த ஒப்புக்கொண்டவர்களை எடுத்துக்கொள்வோம். 20,000 டொலர் தவணை ஒன்று பெப்ரவரியில் ஏறத்தாழ 40 இலட்சம் ரூபா. மே மாதம் அதே தவணை 72 இலட்சம். சம்பளம் ரூபாவில் வாங்குபவர் அதை எங்கிருந்து கட்டுவது? இடையில் நின்றால் கட்டிய முற்பணத்தில் ஒரு பகுதி பறிபோகும் என்று பல ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும்.

ரூபாவில் நிலையான விலை பேசியவர்கள் காகிதத்தில் பெரும் அதிர்ஷ்டசாலிகள். 2020 விலைக்கு வாங்கிய வீடு 2023இல் கையில் கிடைத்திருந்தால், அதை அந்த விலைக்கு வேறு எவராலும் கட்ட முடியாது. ஆனால், அவர்களுடைய இலாபம் முழுவதும் கட்டுநரின் நட்டம். சீமெந்தும் கம்பியும் மும்மடங்கு விலையாகும்போது, பழைய விலைக்கு விற்ற வீட்டைக் கட்டி முடிப்பதில் கட்டுநருக்கு என்ன அவசரம்? வேலை நின்றது, ஆட்கள் குறைக்கப்பட்டார்கள், ‘விலைத் திருத்தம்’ கேட்டுக் கடிதங்கள் வந்தன. வாங்கியவருக்கு ஒப்பந்தம் எப்போது மிகப் பெறுமதியாகிறதோ, அதே வேளையில்தான் அதை நிறைவேற்றும் வலு கட்டுநருக்கு மிகக் குறைகிறது. விலை ஏறும் என்று நம்பி முதலிடுபவர் இந்தப் பொறியை விளங்கிக்கொள்ள வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

விற்பனை அலுவலகங்களில் காட்டும் கணக்கில் இரண்டு வரிகள்தான் இருக்கும்: இன்றைய விலை, முடிந்த பிறகான விலை. இடையில் உள்ளவற்றை நாமே எழுத வேண்டும். பின்வருபவை உதாரணத்துக்காக நான் எடுத்துக்கொண்ட தொகைகள். உங்கள் தொகைகளைப் போட்டுப் பாருங்கள்.

விலை 4 கோடி ரூபா. நான்கு சம தவணைகள்: இன்று 1 கோடி, ஒரு வருடத்தில் 1 கோடி, இரண்டாம் வருட முடிவில் 1 கோடி, மூன்றாம் வருட முடிவில் சாவி கிடைக்கும்போது கடைசி 1 கோடி. அந்தப் பணம் நிலையான வைப்பில் 8 வீத வட்டிக்குக் கிடந்திருந்தால், சாவி வாங்கும் நாளில் அது ஏறத்தாழ 4 கோடி 51 இலட்சமாக இருந்திருக்கும். உங்கள் வீட்டின் உண்மையான விலை அதுதான். இரண்டு வருடங்கள் தாமதித்து, கடைசித் தவணையை மட்டும் அதுவரை நிறுத்தி வைத்திருந்தால், அது ஏறத்தாழ 5 கோடி 9 இலட்சம்.

இதற்கு மேல் முத்திரைத் தீர்வை. முதல் ஓர் இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். 4 கோடிக்கு ஏறத்தாழ 16 இலட்சம். நொத்தாரிசுக் கட்டணம் தனி. விலையில் வற் வரி அடங்குமா இல்லையா என்பதை எழுத்தில் கேளுங்கள். 2024 முதல் அதன் வீதம் 18. சமையலறைத் தட்டுகள், குளிரூட்டி, மின்விளக்குகள் என்று வாடகைக்கு விடும் நிலைக்குக் கொண்டுவர 20 இலட்சம் என்று வைப்போம். தாமதமே இல்லாமல் முடிந்தாலும் மொத்தம் 4 கோடி 87 இலட்சம்.

வாடகை மாதம் ஒன்றரை இலட்சம். வருடத்தில் ஒரு மாதம் ஆளில்லாமல் கிடக்கும் என்றால் 16 இலட்சத்து 50 ஆயிரம். பராமரிப்புக் கட்டணம் மாதம் 20,000. திருத்த வேலை, மாநகர சபை வரி இரண்டுக்கும் வருடம் ஓர் இலட்சத்துப் பத்தாயிரம். கையில் மிஞ்சுவது 13 இலட்சம். அதாவது, போட்ட பணத்தில் 2.7 வீதம். வைப்பில் 8 வீதம் கிடைக்கும்போது இதை ஈடுகட்ட, வீட்டின் விலை வருடா வருடம் 5 வீதத்துக்கு மேல் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதும் சமநிலைதான், இலாபமில்லை. விற்கும்போது மூலதன ஆதாய வரியும் உண்டு. 2018 ஏப்ரலில் 10 வீதமாக மீண்டும் வந்த அந்த வரி, 2025 ஏப்ரல் முதல் தனிநபர்களுக்கு 15 வீதம்.

வீடு வாங்கக்கூடாது என்பதற்கான கணக்கல்ல இது. பணவீக்கம் 70 வீதத்தை எட்டிய நாட்டில் வங்கி வைப்பும் பாதுகாப்பானதல்ல. 2022இல் வைப்பில் பணம் வைத்திருந்தவர்கள் அதை நன்றாக அறிவார்கள். கட்டடம் நிற்கும், காணி நிற்கும் என்ற நம்பிக்கைக்கு ஒரு நியாயம் உண்டு. ஆனால், அந்த நியாயம் உறுதி கையிலுள்ள வீட்டுக்கே பொருந்தும். தகர வேலியில் தொங்கும் படத்துக்குப் பொருந்தாது.

கேட்க வேண்டிய பத்திரங்கள்

முற்பணம் கட்ட முன்னர் பின்வருவனவற்றைக் கேளுங்கள். பிரதி தரத் தயங்குபவரிடம் பணம் கொடுக்கத் தயங்குங்கள்.

காணி யாருடையது? வெள்ளவத்தையில் பல கட்டடங்கள் கூட்டு முயற்சிகள். காணி உரிமையாளர் காணியைத் தருவார், கட்டுநர் கட்டுவார், வீடுகளைப் பங்கிடுவார்கள். அப்படியானால் உங்களுக்கு உறுதி எழுதித் தர வேண்டியவர் காணி உரிமையாளர். அவரும் உடன்படிக்கையில் கைச்சாத்திட வேண்டும். அல்லது கட்டுநரிடம் விற்பதற்கான அற்றோணித் தத்துவம் இருக்க வேண்டும். உங்கள் சட்டத்தரணி குறைந்தது 30 வருட உரித்தை ஆராயட்டும். கட்டுநரின் சட்டத்தரணி தந்த அறிக்கை போதாது.

காணி ஈட்டில் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்கும், அது தவறல்ல. ஆனால், நீங்கள் முழுப் பணமும் கட்டியதும் உங்கள் வீட்டை ஈட்டிலிருந்து விடுவிப்பதாக வங்கி எழுதித் தரும் கடிதம் வேண்டும். கொம்பனியின் சொத்துகள் மீதான பொறுப்புகளைக் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்திலும் பார்க்கலாம்.

அனுமதி எதற்கு எடுத்திருக்கிறார்கள்? நகர அபிவிருத்தி அதிகாரசபையோ மாநகர சபையோ வழங்கிய அபிவிருத்தி அனுமதியைப் பாருங்கள். ஆரம்பத் திட்டமிடல் அனுமதி மட்டும் போதாது. மாடிகளின் எண்ணிக்கையையும் வீடுகளின் எண்ணிக்கையையும் விளம்பரத்தோடு ஒப்பிடுங்கள்.

வாகனத் தரிப்பிடம் எங்கே? வரைபடத்தில் உங்கள் வீட்டோடு இலக்கமிட்டுச் சேர்க்கப்பட்டிருக்கிறதா, அல்லது பொது இடத்தில் வாய்வார்த்தையாகத் தரப்படுகிறதா? சதுர அடிக் கணக்கில் பல்கனி, சுவர், நடைபாதை எவையெல்லாம் சேர்க்கப்பட்டிருக்கின்றன?

தாமதித்தால் என்ன? ‘36 மாதங்களில்’ என்று எழுதினால் எந்த நாளிலிருந்து? தாமதத்துக்கு மாதம் எவ்வளவு நட்டஈடு? எத்தனை மாதத் தாமதத்தின் பின் நான் விலகலாம், விலகினால் பணம் எத்தனை நாட்களில், எவ்வளவு வட்டியோடு வரும்? விலைத் திருத்த வாசகம் இருக்கிறதா, அதற்கு உச்ச வரம்பு உண்டா? தவணைகளைத் திகதிப்படி கட்டாமல், வேலை முடிந்த கட்டத்தின்படி கட்டக் கேளுங்கள்: அத்திவாரம், நான்காவது தட்டு, கூரை என்றவாறு. கடைசி 10 வீதத்தையாவது உறுதி எழுதும் நாள்வரை பிடித்து வைக்க முடிந்தால், அதைவிட நல்ல பாதுகாப்பு இல்லை.

நான் போன மூன்று இடங்களில் இவற்றைக் கேட்டேன். ஓரிடத்தில் அனுமதியும் உரித்து அறிக்கையும் உடனே தந்தார்கள், ஆனால் வங்கிக் கடிதம் ‘பிறகு வரும்’ என்றார்கள். இன்னோரிடத்தில் பாதிப் பணம் கட்டிய பிறகுதான் நொத்தாரிசு உடன்படிக்கை என்றார்கள். மூன்றாவது இடத்தில் வயதான உரிமையாளர் ஒருவர், “தங்கச்சி, எங்கட ஆக்கள் எல்லாரும் நம்பிக்கையிலதானே வாங்குகினம். முந்தின கட்டடங்களைப் போய்ப் பாருங்கோ” என்றார். அவர் சொன்ன கட்டடங்களுக்குப் போனேன். இரண்டில் எல்லோருக்கும் உறுதி கிடைத்திருந்தது. மூன்றாவதில் இன்னும் இல்லை. அவரை நேர்மையற்றவர் என்று நான் நினைக்கவில்லை. ஆனால், நேர்மையானவருக்கும் பணம் முடியலாம், வயது போகலாம்.

வெளிநாட்டிலிருந்து வாங்குவோருக்கு

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. பிரித்தானிய, கனேடியக் குடியுரிமை எடுத்து, இலங்கைக் குடியுரிமையை மீளப் பெறாதவர் இச்சட்டத்தின் முன் வெளிநாட்டவரே. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. மற்றவர்கள் மாடி வீடுகளை வாங்கலாம், உறுதி எழுத முன்னர் முழுப் பெறுமதியும் வெளிநாட்டிலிருந்து முறைப்படி வந்திருக்க வேண்டும். முற்பணம் கட்ட முன்னர் இதைப் பாருங்கள்.

பணம் வரும் வழியும் முக்கியம். உள்முக முதலீட்டுக் கணக்கு ஒன்றினூடாக வந்த பணம் என்றால், பின்னர் வீட்டை விற்று வரும் தொகையைத் திரும்ப அனுப்ப வழி உண்டு. உண்டியலில் வந்து மைத்துனரின் கணக்கினூடாகக் கட்டிய பணத்துக்கு அந்த வழி இல்லை. வீட்டை உறவினர் பெயரில் எழுதுவதும் வழக்கம். சட்டத்தின் முன் அது உறவினரின் வீடு. அவருடைய கடனுக்கும் விவாகரத்துக்கும் மரணத்துக்கும் அது உட்படும்.

யாருக்குப் பொருந்தும்?

தவணைகளை வருமானத்திலிருந்து கட்டக்கூடியவர், இரண்டு மூன்று வருடத் தாமதத்தைத் தாங்கக்கூடியவர், கடைசியில் தானே குடியிருக்க விரும்புபவர் ஆகியோருக்கு இது நியாயமான வழியாக இருக்கலாம். வங்கிக் கடன் இல்லாமல் கொழும்பில் வீடு சேர்ப்பதற்கு நடுத்தரக் குடும்பங்களுக்கு வேறு வழிகள் அதிகமில்லை. ஓய்வூதியப் பணத்தை, சேமலாப நிதியை, ஒரே தடவை கிடைத்த தொகையை மொத்தமாகப் போட்டு வாடகையில் சீவிக்கலாம் என்று நினைப்பவருக்கு இது பொருந்தாது. முதல் மூன்று நான்கு வருடங்களுக்கு அதில் ஒரு சதமும் வராது. பிறகும் வருவது அவர் எதிர்பார்ப்பதில் மூன்றில் ஒரு பங்காக இருக்கலாம்.

அண்ணா மூன்றில் எதற்கும் பணம் கட்டவில்லை. வரைபடம் பதிந்து, உறுதி எழுதத் தயாரான பழைய கட்டடம் ஒன்றில் வீடு பார்க்கிறார். சதுர அடிக்கு விலை கூடத்தான். அந்த மேலதிக விலையை, கட்டுநரின் அபாயத்தைத் தான் சுமக்காமல் இருப்பதற்கான கட்டணம் என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். வாங்குபவர்கள் கணக்கிட வேண்டியதும் அந்த வித்தியாசத்தைத்தான். முடிந்த வீட்டைவிட முடியாத வீடு எவ்வளவு மலிவு? 5 வீதம், 10 வீதம் என்றால், ஈடில்லாமல் பல வருடங்கள் பணம் கொடுப்பதற்கு அது மிகக் குறைந்த கூலி. அதைவிடக் கூடுதலான கழிவு கிடைத்து, மேலே சொன்ன பத்திரங்களும் கையில் வந்தால் யோசிக்கலாம். இரண்டையும் பார்க்க ஒரு சட்டத்தரணியின் கட்டணமும் காணிப் பதிவகத்தில் ஒரு நாளும் போதும். முற்பணம் கட்ட முன்னர் அந்த ஒரு நாளைச் செலவழியுங்கள்.